பதினொரு மோட்டார்

அந்தக் கடையில் ஒன்பது ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. மாடிப்படி இருபத்திரண்டு. ஏறி, மூச்சு அடங்கி, உட்கார்ந்ததும் முதலில் எண்ணியது இவற்றைத்தான். எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. நம் வயதில் ஆளுக்கு ஒன்று வந்துவிடுகிறது. ஒருவர் பூட்டிய பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பார். நான் எண்ணுவேன். எனக்கு இது சின்ன வயதிலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேத்தி கிட்டார் வாசிக்கிறாள். அவளுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கத்தான் ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் அந்தக் கடைக்குப் போனோம். நான் போயிருக்கவே வேண்டாம். முழங்கால் வலி, வண்டி நிறுத்த இடமில்லை, கடைக்குள் மின்விசிறி என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஒரே மெட்டை ஒவ்வொன்றிலும் வாசித்துப் பார்த்தாள். நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆறாவதில் வாசித்துக்கொண்டே கடைசிக் குமிழியைத் திருப்பினாள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அந்தச் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டு ஐம்பத்திரண்டு வருடம் ஆகிறது. அந்தக் குமிழி என்ன செய்கிறது என்று கடைப் பையனைக் கேட்டேன். அவன் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கார்த்திகையையும் மார்கழியையும் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்கு இருபது. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் சாலையில் இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். எண்பத்து மூன்று வீடு, பதினொரு கிணற்று மோட்டார், ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். எங்கள் தெருவில் தமிழ், வடக்குத் தெருவில் தெலுங்கு, சந்தைக்குப் போனால் கன்னடம். கம்பெனிகள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. சாலையோரம் அப்பாவுக்கு இருந்த நாலு ஏக்கர் கம்பெனிக்குப் போயிற்று, கிணற்றடி வயல் மட்டும் மிஞ்சியது. நிலம் போன வீட்டில் ஒரு பையனுக்கு வேலை என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேலை அண்ணனுக்கு. தை ஐந்தாம் தேதி அவன் பிரஸ் ஷாப்பில் சேர வேண்டும். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து உருவம் எடுக்கும் இடம் அது. அன்றைக்குச் சேராவிட்டால் அந்த இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

அண்ணனுக்கு அதில் மனம் இல்லை. கம்பெனிக்கு மிஷின் பொருத்த வந்த பெங்களூர் ஃபிட்டர் ஒருவர் எங்கள் ஊரில் ஏழு மாதம் தங்கியிருந்தார். அவர் வைத்திருந்த மின்சாரக் கிட்டாரை அண்ணன் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஏழு மாதத்தில் அவரைவிட நன்றாக வாசித்தான். அவர் வெளிநாடு போகும்போது கிட்டாரை அவனிடமே விட்டுப் போனார். தோளில் மாட்டும் பட்டை அறுந்துபோயிருந்தது. அண்ணன் கட்டில் நாடாவை மடித்துத் தைத்து மாட்டிக்கொண்டான். இந்த ஜாதிக் கிட்டாரைத் தனியாக வாசித்தால் கொசு காதருகில் வந்து போகிற மாதிரிதான் இருக்கும். அதன் சத்தத்தைப் பெரிதாக்க ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

ஊரில் ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தது ஒரே ஆள், மைக்செட்காரர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவருடைய தகரக் கொட்டகை. அதற்குள் நாலு குழாய் ஸ்பீக்கர், இரண்டு பெட்டி இசைத்தட்டு, மூடிப்போன டூரிங் டாக்கீஸிலிருந்து வாங்கி வந்த ஓர் ஆள் உயர மரப்பெட்டி ஸ்பீக்கர். அந்தப் பெட்டியின் முதுகில் டாக்கீஸ் பெயர் பாதி அழிந்து கடைசி மூன்று எழுத்து மட்டும் இருந்தது. நடுவில் அந்த ஆம்ப்ளிஃபயர். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. பெரிய வால்வு நாலு, சின்னது மூன்று, குமிழி ஐந்து. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. வால்வுகள் மெல்லச் சிவந்து, மேலே படிந்த தூசி கருகி, ஒரு வாசனை வரும். துணிக்கு இஸ்திரி போடும்போது லேசாகத் தீய்ந்தால் வருமே, கிட்டத்தட்ட அது. அந்த வாசனை வந்தபின்தான் அண்ணன் முதல் தந்தியைத் தொடுவான்.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கே போவோம். மோட்டாருக்கு அந்த நேரத்தில்தான் கரண்டு விடுவார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் ஸ்டார்ட்டர் டொக்கென்று விழும். எந்தச் சத்தம் எந்தக் கிணறு என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்று விழும்போதும் கொட்டகையில் தொங்கிய குண்டு பல்பு ஒரு படி மங்கும். நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைப்பேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. 'மோட்டார் 9. பல்பு கோவைப்பழம். அண்ணன் சிரித்தான்.' 'மோட்டார் 2. பல்பு வெள்ளை. அண்ணன் திட்டினான்.' இப்படியே பக்கம் பக்கமாக.

மைக்செட்காரருக்குப் பிறவி விரோதி ஒன்று உண்டென்றால் அது லோ வோல்டேஜ். இசைத்தட்டு மெதுவாகச் சுற்றும், பாட்டு இழுக்கும், கேட்கிறவர்கள் அவரைத் திட்டுவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. உங்கள் ஊரிலும் இருந்ததா என்று யாராவது சொல்லுங்கள். கல்யாணமோ திருவிழாவோ என்றால், அந்த வீட்டுப் பையன் ஒருவன் தட்டில் வெற்றிலை பாக்கோடு கிணறு கிணறாகப் போவான். "எங்க வீட்ல விசேசம், ரெண்டு மணி நேரம் மோட்டார நிறுத்தோணும்" என்பான். வெற்றிலையை எடுத்துக்கொண்டால் நிறுத்தியே ஆக வேண்டும்.

அந்தக் கார்த்திகையில் ஒரு கல்யாணத்தில் இந்தப் பழக்கம் தவறிப்போயிற்று. கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் இசைக்குழு வந்திருந்தது. மூன்று நாளாக மோட்டாருக்குக் கரண்டே இல்லாமல் அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்தது. வெற்றிலைத் தட்டோடு போன பையனை ஒருவரும் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"மாப்பிள்ளை இன்னைக்கி இல்லாட்டி நாளைக்கி தாலி கட்டுவான். என் தக்காளி நாளைக்கி இருக்காது, போடா" என்றார் ஒரு கிணற்றுக்காரர்.

பதினொரு மோட்டாரும் ஓடின. பந்தலில் டியூப்லைட் ஒன்றும் பற்றவில்லை. குண்டு பல்புகள் அணையப்போகிற கங்கு மாதிரி இருந்தன. குழுவின் கிட்டார்க்காரர் ஏறிவந்த பஸ் வழியில் நின்றுவிட்டதால், மைக்செட்காரர் அண்ணனைப் பிடித்து மேடையில் தள்ளினார். குழுவின் குழாய் ஸ்பீக்கரில் கிட்டார் எடுபடாது என்று அந்தப் பச்சை ஆம்ப்ளிஃபயரையும் மரப்பெட்டியையும் வண்டியில் ஏற்றி வந்திருந்தார்.

அண்ணன் முதல் சுரத்தை அடித்தான். எப்படிச் சொல்வது? அடித்ததும் அது வரவில்லை. ஒரு கணம் அமுங்கி, மூச்சை இழுத்துக்கொண்டு, பிறகு மெல்லப் பெருகி வந்தது. ஓரத்தில் ஒரு கரகரப்பு. அழுதுவிட்டுப் பேசுகிறவர்களின் குரல் இருக்குமே, அப்படி. சமையல் பக்கத்தில் இலை அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை நிறுத்தினார்கள். நான் எண்ணினேன், ஆறு பேர்.

குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். ஆர்மோனியம் வாசிப்பார், கோட்டுப் போட்டிருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"தம்பி, இந்த டோனு எங்க புடிச்ச நீ? நானும் இருபது வருசமா கிட்டார் கேட்டுகினு இருக்கேன்."

"அதா வருதுங்க மாஸ்டர்."

"மைக்செட்டுக்காரரு ஆம்ப் உன்னுது இல்லியே. இதே டோன்ல சொந்தமா ஒண்ணு எடுத்துக்கோ. பொங்கலுக்கு மேல எங்களுக்கு நிக்க நேரம் இருக்காது. எடுத்ததும் ஒரு கார்டு போடு. உன்ன எங்ககூட சேத்துக்கறேன்."

வீட்டில் அப்பா இதைக் கேட்டுக்கொண்டார். களி உருண்டையைக் கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பொங்கல் வரைக்கும் உன் இஷ்டம். அந்த மாஸ்டரு வாயால உன்ன எடுத்துகினேன்னு சொல்லிட்டா, கம்பெனி வேலய நானே வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். சொல்லலேன்னா தை அஞ்சாந் தேதி நீ கம்பெனி கேட்ல நிக்கோணும்."

அண்ணன் முதலில் கேட்டது மைக்செட்காரரைத்தான். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "இத உனக்குக் குடுத்துட்டு நான் கல்யாணத்துல வாயாலயா பாடறது?"

அதனால் பெங்களூர் போனோம். மூன்று சனிக்கிழமை. அண்ணன் அங்கேயே எங்காவது தங்கிவிடுவானோ என்று அம்மாவுக்குப் பயம். அதனால் என்னையும் கூட அனுப்பினாள். அவன் கிட்டாரைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டான். ஒயரை நான் மஞ்சள் பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். அத்திப்பள்ளி தாண்டியதும் கடைப் பலகையெல்லாம் கன்னடமாகும். அதுவரை தைலமரம் எண்ணுவேன், பிறகு எழுத்து எண்ணுவேன்.

முதல் சனிக்கிழமை இரண்டு கடையில் நாலு ஆம்ப்ளிஃபயர். அடுத்ததில் மூன்று. மொத்தம் ஏழு. முன்பக்கம் வெள்ளி மாதிரி மின்னியது ஒன்று. குட்டி விளக்குகள் வரிசையாகத் துள்ளியது ஒன்று. கப்பலில் வந்தது என்று துணியை விலக்கிக் காட்டியது ஒன்று. ஒவ்வொன்றிலும் அண்ணன் அந்த ஒரே சுரத்தை அடிப்பான், கண்ணை மூடுவான், தலையை ஆட்டுவான். குமிழிகளை ஒவ்வொரு கோடாகத் திருப்புவான். சத்தம் கணீரென்று வரும், கண்ணாடி டம்ளரில் ஸ்பூனால் தட்டிய மாதிரி. கடையில் இருக்கும் மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். அவனுக்கு முகம் வாடும்.

இரண்டாவது கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நினகெ யாவ டோன் பேக்கப்பா?" என்றார், எந்த டோன்தான் உனக்கு வேண்டும் என்கிற மாதிரி.

அண்ணன் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தான். "அடிச்சதும் நேரா வந்துடுது சார். கொஞ்சம் மூச்சு வாங்கிகினு வரோணும்."

அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்துச் சொன்னார்: "கேளய்யா, ஆஸ்துமா இருக்கற ஆம்ப்ளிஃபயர் பேக்காம் இவனுக்கு!" கடை முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தான். திரும்பி வரும் பஸ்ஸில் ஓசூர் வரைக்கும் கோணிப்பையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

மூன்றாவது சனிக்கிழமை அவன் மைக்செட்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பச்சை ஆம்ப்ளிஃபயரையே பஸ்ஸில் தூக்கிப்போனான், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்ட. மரப்பெட்டியைத் தூக்க முடியாது, இரண்டு ஆள் வேண்டும். அதே கடைக்காரரின் ஸ்பீக்கரில் மாட்டினான். வால்வு சிவந்தது, வாசனை வந்தது. அண்ணன் அடித்தான்.

கணீர். கண்ணாடி டம்ளர்.

கடைக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இதேனா?" என்றார் மெதுவாக. இதுதானா என்று. அண்ணன் திரும்பத் திரும்ப அடித்தான். பதினாறு தடவை. பஸ் குலுக்கலில் வால்வு ஏதோ போய்விட்டது என்றான். அன்று சாயங்காலமே கொட்டகையில் மாட்டி, பயந்துகொண்டே அடித்தான். அந்தச் சத்தம் அங்கே இருந்தது, எங்கும் போகாமல். வெளியே பத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"பொட்டிதான்டா!" என்றான் அண்ணன். "எல்லாம் இந்த டாக்கீஸ் பொட்டிலதான் இருக்குது."

நான் நோட்டை எடுத்து வந்து காட்டினேன். "அண்ணா, மோட்டார் ஓடி பல்பு மங்குனாதான் நல்லா வருது. பாரு, இருபத்தேழு நாளு எழுதியிருக்கேன்."

மைக்செட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப கரண்டே இல்லாட்டி தேவலோகத்துப் பாட்டா வரும்? டேய், வோல்டேஜ் கொறஞ்சா எதுடா நல்லா வரும்? மோட்டாரு வருமா, ரைஸ்மில்லு வருமா?"

அண்ணன் என் தலையைக் கலைத்துவிட்டான். "போடா, கணக்குப்பிள்ள."

நான் நோட்டை மூடிவிட்டேன். பதினொரு வயதில் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து சிரித்தால், இருபத்தேழு நாள் கணக்கும் தப்பு என்றுதான் தோன்றும்.

ஆனால் அன்றைக்கு அண்ணனின் முகத்தைப் பார்த்த மைக்செட்காரருக்கு மனசு இளகிவிட்டது. "இத நீயே வெச்சிக்கோ. பொட்டியும் எடுத்துக்கோ. நான் புதுசா டிரான்சிஸ்டர் செட்டு எடுக்கத்தான் போறேன், நாலு விசேசத்துக்கு எனக்குக் கூட வந்து கட்டிக் குடு, போதும்" என்றார். அண்ணன் மாஸ்டருக்குக் கார்டு போட்டான். போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் இந்தப் பக்கம் வருவதாகவும், கொட்டகையிலேயே கேட்டுவிட்டு, சரியாக இருந்தால் தன் வேனிலேயே ஏற்றிக்கொள்வதாகவும் பதில் வந்தது. அந்தப் பதில் கார்டை அண்ணன் எத்தனை தடவை படித்தான் என்று நான் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

அந்த நாள் வந்தது. மத்தியானம் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அந்தச் சட்டை தாலுகா ஆபீஸுக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே வரும். கிட்டாரைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிதர், ஐந்தரைக்கு மோட்டார் கரண்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டுத் தட்டைக் கையில் கொடுத்தார். பத்து ஜோடி வெற்றிலை, ஒவ்வொன்றின் மேலும் பாக்கு.

"எல்லாக் கெணத்துக்கும் ஓடு. எங்கண்ணன் வாசிக்கறான், ரெண்டு மணி நேரம் மோட்டார நிறுத்தோணும்னு சொல்லு. நம்ம மோட்டார நான் நிறுத்திக்கறேன்." பிறகு, என்னைப் பார்க்காமல்: "என் பையன் வாசிக்கறப்ப கரண்டு கொறயக் கூடாது."

ஓடினேன். கல்யாணத்துக்கு நிறுத்தாதவர்கள் அண்ணனுக்கு நிறுத்தினார்கள். முதல் கிணற்றில் இருந்தவர் வெற்றிலையை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "உங்கண்ணன் வாசிச்சா என் முட்டகோசுக்குத் தண்ணி பாஞ்சிடுமா?" என்றார். சொல்லிக்கொண்டே சிவப்புப் பொத்தானை அமுக்கினார். வடக்குத் தெருத் தெலுங்கு அம்மா, "ஆபேஸ்தாலே, போ ரா" என்று சொல்லிவிட்டு, நிறுத்திய கையோடு மாஸ்டருக்கு என்று இரண்டு கொய்யா கொடுத்தாள். ஒவ்வொரு மோட்டார் நிற்கும்போதும் தொட்டியில் விழுந்த தண்ணீர்ச் சத்தம் மெலிந்து சொட்டாகும். அதற்குப் பின்னால் தவளைச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

ஏழாவது மோட்டார் நின்றபோது நான் வரப்பில் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் கொட்டகை வாசல் தெரிந்தது. உள்ளே பல்பு மஞ்சள் போய் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

நோட்டில் 'வெள்ளை' என்று எழுதிய பக்கங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றில் ஒன்றில்கூட அண்ணன் சிரிக்கவில்லை. தட்டில் மூன்று ஜோடி வெற்றிலை மிச்சம் இருந்தது. அப்பா வெள்ளைச் சட்டையோடு நிற்பது தெரிந்தது. மைக்செட்காரர் சிரித்தது காதில் இருந்தது. வரப்பிலேயே நின்றேன். நாற்பது வரை எண்ணினேன்.

பிறகு எட்டாவது மோட்டாருக்கு ஓடினேன்.

மாஸ்டரின் வேன் ஆறே காலுக்கு வந்தது. கொட்டகை வாசலில் ஊரே இருந்தது. எங்கள் மோட்டாரை அப்பா கடைசியாக நிறுத்திவிட்டு, கால் சேற்றோடு வந்து ஓரமாக நின்றார். பல்பு அவ்வளவு வெளிச்சமாக எரிந்து நான் பார்த்ததில்லை. மூலையில் இருந்த சிலந்தி வலைகூடத் தெரிந்தது. "பாத்தீங்களா மாஸ்டர், எங்க ஊரு கரண்ட!" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார்.

அண்ணன் அடித்தான்.

யானை வயலில் இறங்கினால் தகரத்தைத் தட்டுவோமே, அந்தச் சத்தம். நேராக வந்தது, நேராக நின்றது, அறுந்தது. அண்ணன் ஒரு குமிழியைத் திருப்பினான். இன்னொன்றை. வால்வுகளைக் குனிந்து பார்த்தான். அவை எப்போதையும்விடப் பளிச்சென்று எரிந்தன. மரப்பெட்டியின் பின்பக்கம் போய்த் தட்டினான். மூன்று பாட்டு வாசித்தான். விரல் ஒன்றும் தப்பவில்லை, ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் அவன் காத்திருந்தான். அது மூச்சு வாங்கவே இல்லை.

நான் எல்லோருக்கும் பின்னால் காலித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கத்தியிருக்கலாம். ஓடிப்போய் எங்கள் மோட்டாரையாவது போட்டிருக்கலாம், முந்நூறு அடி தூரம். செய்யவில்லை.

மாஸ்டர் எழுந்து அண்ணன் தோளில் கை வைத்தார். "கை நல்லா இருக்குது தம்பி. கைக்கு ஒண்ணும் கொறயில்ல. ஆனா அன்னைக்கிக் கேட்டது இது இல்லியே. பந்தல்ல ஏதோ அப்பிடி அமைஞ்சிருக்குது." கொய்யாவை வாங்கிக்கொண்டார். வேன் மண் சாலையில் ஆடி ஆடிப் போவதைக் கூட்டம் பார்த்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கிணற்றுப் பக்கம் நடந்தார்கள்.

அப்பா உள்ளே வந்தார். கோபமாக இல்லை. களைத்துப்போன குரல். "ஊரே மோட்டார நிறுத்திக் குடுத்துச்சு. கரண்டு ஃபுல்லா இருந்தும் வரலேன்னா, அது உங்கிட்டதான் இல்லப்பா."

அந்த நேரத்தில் முதல் ஸ்டார்ட்டர் டொக்கென்று விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. பல்பு ஒவ்வொரு படியாக இறங்கிச் சிவந்தது. அண்ணன் நிமிர்ந்து பல்பைப் பார்த்தான். பூச்சியைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பிறகு அப்பாவின் கால் சேற்றைப் பார்த்தான்.

"அண்ணா," என்றேன். "இப்ப வாசி."

"போதும்டா."

"ஒரே ஒரு தரம்."

அவன் ஒயரைக் கழற்றி முழங்கையில் சுற்ற ஆரம்பித்தான். எட்டுச் சுற்று.

தை ஐந்தாம் தேதி கம்பெனிச் சங்கு ஊதுமுன் அவன் கேட்டில் நின்றான். முப்பத்தெட்டு வருடம் அதே பிரஸ் ஷாப். நிமிடத்துக்கு நாற்பது அடி விழும் மிஷின் என்று சொல்வான். ஆரம்பத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனான், கூட இருந்தவர்கள் கேலி செய்ததால் விட்டுவிட்டான். கிட்டாரைக் கொஞ்ச நாள் மச்சில் பார்த்திருக்கிறேன், பிறகு இல்லை. மரப்பெட்டியில் கோழி அடைத்தார்கள். பச்சை ஆம்ப்ளிஃபயர் பழைய இரும்புக்குப் போனபோது பெரிய வால்வு ஒன்றை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். வீடு மாறும்போது அதுவும் உடைந்தது. நோட்டைக் கரையான் தின்றது.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தேன். வோல்டேஜ் குறைந்தால் வால்வின் பலம் குறையும், ஓங்கி அடித்த சுரத்தைத் தாங்க முடியாமல் ஒரு கணம் அமுங்கி, பிறகு சமாளித்துக்கொண்டு எழும் என்பது இரண்டாம் வருடம் புரிந்தது. வகுப்பில் கையை உயர்த்திக்கூட ஒரு சந்தேகம் கேட்டேன். ஊருக்கு வந்து அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அப்பா உயிரோடு இருந்தார். தன் மோட்டாரைத் தானே நிறுத்திவிட்டு, கால் சேற்றோடு நடந்து வந்த மனிதர். அவரிடம் யார் போய்ச் சொல்வது? அவர் போன பிறகு அண்ணனுக்குக் காது போயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

கடைப் பையன் சொன்னதைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? "அது தொய்வு சார்," என்றான். "வோல்டேஜ் கொறஞ்சா பழைய வால்வு ஆம்ப் எப்பிடிக் கேக்குமோ, அப்பிடி. இது வேணும்னே கொறைக்கறது. இப்ப எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க."

பேத்திக்கு ஏழாவதுதான் பிடித்திருந்தது. நான் பிடிவாதம் பிடித்து ஆறாவதை வாங்கவைத்தேன். அவளுக்கு என் மேல் இன்னும் கோபம்.

அண்ணி போனதிலிருந்து அண்ணன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். எழுபத்திரண்டு வயது. காது மிஷின் விசில் அடிக்கிறது என்று மேஜை டிராயரில் போட்டுவிட்டான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பேத்தி செல்போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டுவாள். அன்று நான் அவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்காரவைத்தேன். "என்னாடா, புது ஃபிரிட்ஜா?" என்று கத்தினான். அவன் வலது கையை எடுத்து ஸ்பீக்கர் துணியின் மேல் வைத்தேன். பேத்தியிடம் கடைசிக் குமிழியை முழுக்கத் திருப்பி, ஒரே ஒரு சுரம் அடிக்கச் சொன்னேன்.

அடித்தாள். அது அமுங்கியது. மூச்சு வாங்கியது. பிறகு வந்தது.

அண்ணன் கையை எடுக்கவில்லை. சுரம் தேய்ந்து முடியும் வரை அப்படியே இருந்தான். பிறகு மெல்ல நிமிர்ந்து கூரையில் இருந்த பல்பைப் பார்த்தான். அது துளியும் அசையாமல் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"எத்தினி மோட்டார்டா ஓடுது?"

வாயால் சொன்னால் அவனுக்குக் கேட்காது. பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். மடக்கினேன். பிறகு ஒன்றை நீட்டினேன்.